முருகா என்று எழுதியிருந்த பின்னறை

ஐப்பசி 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவர் அம்மா (எனக்கு அத்தை), அவர் தங்கை செல்வி, மேஸ்திரி, நான். வேறு யாரும் இல்லை. சஷ்டி விரதம், எனக்குப் பால் மட்டும்.

புது வீட்டுப் பிளானை விரித்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கம்ப்யூட்டரில் போட்டது. அத்தை பின்னறை மேல் விரலை வைத்தார்.

"இன்னா எழுதிக்கீற இங்க?"

மேஸ்திரி எட்டிப் பார்த்து, "முருகான்னு போட்டுக்கீது ஆயா. சாமி ரூமு. பெருசாவே வுட்டுக்கீறாங்க."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் முகத்திலும் சிரிப்பு.

அது சாமி அறை இல்லை. பேர் முடிவாகாத அறைக்கு எக்ஸ் எக்ஸ் என்று சும்மா போட்டு வைக்கச் சொல்வார்கள், வீடியோவில். எனக்கு அது எழுதியதை அடித்துவிட்ட மாதிரி தெரியும். அதனால் எல்லா அறைக்கும் முதலில் முருகா. பிறகு கூடம், சமையல் என்று மாற்றினேன். பின்னறை மட்டும் நின்றுவிட்டது. என் மனசில் அது செல்விக்கு. அவளை இங்கே அழைப்பது பற்றி வீட்டுக்காரர் ஒன்றும் முடிவு சொல்லவில்லை, அதனால் அவள் பேரை எழுதவில்லை.

மேஸ்திரி: "சாமி ரூமுக்கு ஜன்னல் எதுக்கு? ஒட்டினாப்ல பாத்ரூமும் ஆவாது. அடிச்சிர்றேன் நைனா." பென்சிலால் இரண்டும் போச்சு.

செல்வி டீ டம்ளர்களை எடுத்தாள். "நல்லதுதான் அண்ணி." முகம் பார்க்கவில்லை. புருஷன் தவறிப்போனதிலிருந்து மீஞ்சூரில் மாமியார் வீட்டில்தான். எப்ப கிளம்புவே என்று அங்கே நேராகவே கேட்கிறார்களாம்.

நான் பிளானைச் சுருட்டி வைத்தேன்.

19, புதன்

டோல்கேட் பிரிண்ட் கடைக்குப் போனேன், நேற்று விரித்த பிளானை அடித்துக் கொடுத்த இடம். பழைய லேப்டாப் திணறுகிறது என்று எழுத்தெல்லாம் வெறும் கட்டமாகத் தெரியும்படி வைத்திருந்தேன். அப்போதுதான் வேகமாக ஓடும். கட்டம் பார்த்தே பழகி, உள்ளே என்ன எழுதினேன் என்பதே மறந்துபோச்சு.

கடைக்கார பாய்: "எல்லாம் பொட்டி பொட்டியா இருந்துச்சுக்கா. படிக்க முடியாதேன்னு எழுத்தை ஆன் பண்ணி அடிச்சேன். தப்பாயிட்ச்சா?"

பாய் மேல் தப்பில்லை. பஸ், பூ, கற்பூரம். செலவுக் கணக்கில் ஏற்றியாச்சு.

21, வெள்ளி

வடிவுடையம்மன் கோயில். கூட்டம்.

ஹார்பர் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம், சாப்பிடும்போது சொன்னேன், அது சாமி அறை இல்லை, செல்விக்கு நினைத்தது என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மாண்ட நீயே சொல்லு."

சொன்னேன். அத்தைக்குக் கோபம் இல்லை, பயம். "இங்க ரூமு போட்டா, மீஞ்சூர்காரன் அவ புருஷன் பங்கை அமுக்கிருவான். இது தெரியல, கம்பூட்டரு மட்டும் தட்டத் தெரியுது."

அதுவும் நியாயம்தான்.

"பங்கு வர்ற வரைக்கும் அவ எங்க படுப்பா அத்தை?"

அத்தை விளக்குத் திரியைத் திரிக்க ஆரம்பித்தார். "எழுதின சாமி பேரை அழிச்சுருவியா நீ? விரதம் வேற."

22, சனி

மழை விட்டது. விளக்கேற்றிவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தேன். அழிக்கும் பட்டன் மேலேயே விரல். அழுத்த வரவில்லை.

முருகாவைப் பிடித்து நகர்த்தினேன். கூடத்துக் கிழக்கு அலமாரிக்கு. இடம் போதவில்லை, எழுத்தைச் சின்னதாக்கினேன். மன்னிச்சுக்கோ முருகா. ஜன்னல், பாத்ரூம் திரும்பவும். பின்னறையில்: செல்வி. இனி கட்டம் வேண்டாம், லேப்டாப் திணறினால் திணறட்டும்.

பிரிண்ட் எடுத்து வந்து அத்தையிடம் கொடுத்தேன்.

"சாமிய மூலைக்குத் தள்ளிட்ட."

"எல்லாரும் போற வர்ற எடம் அத்தை அது."

ஹும் என்றார். பிறகு, "அவ பேரு எது, காட்டு." காட்டினேன். அவ்வளவுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கள் மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட வருகிறார். செல்விக்கு போனில் அனுப்பியது:

செல்வி, பின்னறை உனக்கு. கதவு கூடத்துப் பக்கம் வைக்கட்டுமா, உனக்குத் தனியா சந்துப் பக்கம் வைக்கட்டுமா? நாளைக்குள்ள சொல்லு.