மூப்பர்களை நீ அழைத்த மாலை

அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வராத இடங்களையும் விடமாட்டேன். என் கட்டுரைகளில் அலங்காரமாக ஒரு வரி வந்தால் அடித்துவிட்டு, "உள்ளதைச் சொல்லு, போதும்" என்பாய். அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. தமிழ் ஆராதனை முடிந்து நானும் அப்பாவும் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கோயில் காவல்காரர் சிக்கண்ணா. திருவிருந்துக் கோப்பைகள் அடுக்கிய தட்டை வெள்ளைத் துணி போட்டு மூடி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"அம்மா எல்லி, பாப்பா?" என்று நீ எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

கேட்டு முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. காலில் அடிபட்டு, சாமராஜநகர் பக்கம் தன் ஊரில் பல மாதம் படுத்திருந்துவிட்டு, இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். நீ போனது அவருக்குத் தெரியும். அங்கிருந்தபடியே அப்பாவுக்கு போன் செய்து அழுதவர் அவர்.

"தெரியும் பாப்பா. தெரிஞ்சும் கால் இங்கதான் வந்துடுச்சு. இப்போ கழுவறதுக்கு ஞானமுத்து சார் வீட்டுக்குல்ல போகணும்" என்று தமிழும் கன்னடமுமாகச் சொல்லிக்கொண்டே திரும்பிப் போகப் பார்த்தார். அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டேன்.

துணியை எடுத்ததும் திராட்சரசத்தின் இனிப்பும் புளிப்புமான வாசனை சமையலறை முழுவதும் நிறைந்தது. ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அலசிய தண்ணீரை நீ ஒருநாளும் தொட்டியில் விட்டதில்லை. "அது சாக்கடைக்குப் போகக்கூடாது" என்று பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில் ஊற்றுவாய். நீ கழுவுவாய், நான் துடைப்பேன். எனக்குத் தமிழ் வந்ததே அந்த நேரங்களில்தான். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் மட்டும் வேதாகமத்திலிருந்தும் உன் வாயிலிருந்தும். அதனால்தான் நான் தமிழில் பேசினால், "என்னடி, பாஸ்டரம்மா மாதிரி பேசுறே" என்று வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

உன்னைச் சபை மூப்பராகத் தேர்ந்தெடுத்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். எனக்கு ஒரே குழப்பம். "உனக்குத்தான் நரைக்கவே இல்லியேம்மா. நீ எப்படி மூப்பர்?" என்று கேட்டேன். நீ ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய்.

"மோசே ஒருத்தரால அந்த ஜனங்களைச் சுமக்க முடியலடி. அதனால எழுபது பேரைப் பக்கத்துல நிக்க வெச்சார் கர்த்தர். மூப்பர்னா சுமையில ஒரு முனையைப் பிடிக்கிற ஆள். அதுக்கு நரை எதுக்கு?"

நான் விடவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் சிங்காசனத்தைச் சுற்றி இருபத்துநான்கு மூப்பர்கள் பொற்கிரீடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"கிரீடத்தைக் கழட்டிக் கீழ வெக்கிறதுதான் வேலை. நல்லாப் படிச்சுப் பாரு."

ஞானமுத்து அங்கிளுக்கு மட்டும் நீ மூப்பரானது பிடிக்கவில்லை. அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எங்கள் சபையில் பல வருடமாக மூப்பர். மூப்பனானவன் ஒரே மனைவியை உடையவனாக இருக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருப்பதை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்லி, "இந்தச் சிஸ்டர் எப்படி அதுல பாஸ் ஆவாங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. நீ எழுந்து, "எனக்கு ஒரே புருஷன்தான் அங்கிள். பாதி மார்க்காவது போடுங்க" என்றாய். அதற்குக் கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு திருவிருந்தில் நீ வலப்பக்கத்தில் நின்று திராட்சரசம் கொடுத்தால் அவர் இடப்பக்க வரிசையில் நிற்பார். நீ இடப்பக்கம் போன மாதம் அவர் வலப்பக்கம் வந்துவிட்டார். "இந்த வயசுல அங்கிளுக்கு நல்ல எக்ஸர்சைஸ்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாய். ஆனால் அன்றிரவு சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாய். அதை நான் பார்த்தேன்.

மூப்பராக நீ அதிகம் போனது வியாதிக்காரர்கள் வீட்டுக்குத்தான். சின்னக் குப்பியில் ஒலிவ எண்ணெய் உன் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒரு கையை நெற்றியில் வைத்து ஜெபிக்கும்போதே உன் இன்னொரு கை தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடி பார்க்கும். நர்ஸ் புத்தி.

பிறகு நீயே படுத்தாய். உள்ளே என்ன வளர்கிறது என்று எங்களைவிட உனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ண வேண்டும், விசுவாசமுள்ள ஜெபம் அவனைப் பிழைக்கவைக்கும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழைக்க வேண்டியது வியாதிப்பட்டவர்தான். மகள் அழைக்கலாம் என்று அதில் இல்லை. அதனால் நீ அழைத்தால்தான் நீ பிழைப்பாய் என்று நம்பினேன். நீயோ அழைக்கவே இல்லை.

"ஏம்மா கூப்பிடமாட்டேங்கிறே? எத்தனை வீட்டுக்கு நீ போயிருக்கே?"

"கூப்பிடலாம், கூப்பிடலாம்."

ஒருநாள் நான் சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் சொன்னாய். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்கு நீ போய் ஒரு குழந்தைக்கு எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறாய். குழந்தை பிழைக்கவில்லை. அதன் அப்பா எப்போதாவது உன் வார்டுக்கு யாரையாவது பார்க்க வருவார். உன்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்.

"அவங்க வந்து ஜெபிச்சு, நான் பிழைக்கலேன்னு வை. அப்புறம் அவங்க முகத்தை நீ எப்படிப் பாப்பே? நான் போனப்புறம் உனக்குச் சபையாவது இருக்கணும்டி."

"நீ பிழைப்பேம்மா" என்றேன். நீ என் தட்டை என் பக்கம் நகர்த்தினாய்.

தசரா நாட்களில் ஒரு மாலை, நீயே அப்பாவிடம் போனைக் கேட்டு வாங்கி, அழைத்தாய். நான் ஓடிப்போய் அறையைப் பெருக்கினேன். எவ்வளவு சந்தோஷமாகப் பெருக்கினேன் என்று எழுதினால்தான் இது உண்மையான கடிதம். எல்லாம் சரியாகிவிடும் என்று பாட்டுக்கூடப் பாடினேன்.

தசரா கூட்டத்துக்காக ரோட்டையெல்லாம் அடைத்திருந்ததால் மற்ற மூன்று மூப்பர்களும் நடந்தே வந்தார்கள். ஞானமுத்து அங்கிள் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, எழுந்து குப்பியைத் திறந்தார். நீ கையைத் தூக்கி அவரை நிறுத்தினாய்.

"முதல்ல இவளுக்கு அங்கிள்."

"வியாதிப்பட்டது நீங்கதானே சிஸ்டர்."

"கூப்பிட்டது நான்தானே. எதுக்குக் கூப்பிட்டேன்னு நான்தான் சொல்லணும். நான் போறவ. இருக்கப்போறவ இவ."

எனக்குக் கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குப் பூசுங்க" என்று கத்தினேன். அப்பா என் தோளைப் பிடித்தார். "மண்டி போடு" என்றாய் நீ. காய்ச்சல் குரலிலும் அது அதே அதட்டல்தான். கட்டிலோரம் மண்டியிட்டேன். அவர் விரலால் என் நெற்றியில் எண்ணெய் பூசினார். மூன்று பேரும் என் தலையில் கைவைத்தார்கள்.

"நானும் மூப்பர்தான்" என்று சொல்லிக்கொண்டு நீ படுக்கையில் ஒருக்களித்துக் கையை நீட்டினாய். எட்டவில்லை. ஞானமுத்து அங்கிள் தன் கையை நகர்த்தி இடம்விட்டு, மறு கையால் உன் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான்கு கைகளில் உன் கை எது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது. அதுதான் சுட்டது. அதற்குத்தான் கனமே இல்லை. அவர்கள் என்ன ஜெபித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

பிறகு உனக்கும் பூசினார்கள். அங்கிள் உனக்காக நீண்ட நேரம் ஜெபித்தார். நடுவில் இரண்டு முறை குரல் நின்றுபோனது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

நீ பயந்ததே நடந்தது அம்மா. என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோயிலில் தூணுக்குப் பின்னால் உட்காருகிறேன். ஞானமுத்து அங்கிளும் என்னைக் கண்டால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார். ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் வாசலில் நின்று பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள் இல்லையா, நான் பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறேன். அப்பா கோபம் என்று நினைக்கிறார். கோபமும்தான். ஆனால் அதைவிட, கடைசியாக உன் கை இருந்த இடம் அது. அதன்மேல் இன்னொரு கை படுவதை நான் இதுவரை விடவில்லை. குளிக்கும்போதுகூட, தலையின் அந்தப் பக்கத்தை நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று மாலை தட்டைத் திரும்பக் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். சிக்கண்ணா இருப்பார் என்று நினைத்தேன். ஞானமுத்து அங்கிள்தான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். தட்டை வாங்கித் துணியை நீக்கிப் பார்த்தார்.

"நீயா கழுவினே?"

"ஆமா அங்கிள்."

தட்டை மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "நான் சரியா ஜெபிக்கலியோன்னு தினமும் கேட்டுக்கறேன் பாப்பா."

யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. இல்லை அங்கிள், நல்லாத்தான் ஜெபிச்சீங்க என்று சொல்லியிருக்கலாம். "தெரியல அங்கிள்" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். அவர் கன்னத்தில் சவரம் தப்பிய வெள்ளை முடி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கே தெரிந்தது. கஷ்டமாக இருந்தது அம்மா. ஆனாலும் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

என் தலைப்பக்கம் கையைக் கொண்டுவந்தவர், பாதியில் நிறுத்தி, "வெக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வேண்டாம் அங்கிள்."

"சரிம்மா" என்று கையை எடுத்துக்கொண்டார். நான் நடந்து வாசலைத் தாண்டும் வரைக்கும் காத்திருந்து, பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.