நைட்ரஜன் தேடிப் போன செவ்வாய்க்கிழமை

பெஹாலா, கொல்கத்தா
அக்டோபர் 26

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நான் இங்கே சௌக்கியம், அம்மா சென்னையில் சௌக்கியம், பட்டு பெரியம்மா ஆஸ்பத்திரியில் தேறி வருகிறாள். மெல்பேர்னில் நீயும் மாப்பிள்ளை கிரீஷும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ரயில் டிக்கெட் இருந்தும் அம்மா ஏன் விமானத்தில் போனாள் என்று நீ போனில் கேட்டாய், நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை, எழுதினாலாவது வருகிறதா பார்க்கிறேன்.

போன ஜனவரியில் நீ வந்தபோது நம் காருக்கு நாலு டயரும் புதிதாக மாற்றி நைட்ரஜன் அடித்து, பச்சை மூடி போட்டுக் கொடுத்தாய் இல்லையா. செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் அம்மாவுக்குச் சென்னை வண்டி. வியாழன் காலையில் பெரியம்மாவுக்கு இதய ஆபரேஷன், உள்ளே போவதற்கு முன்னால் தங்கை ஜெயாவை ஒரு தடவை பார்க்கணும் என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். மூன்றரைக்கே பெட்டியை ஏற்றிவிட்டோம். பார்த்தால் முன் சக்கரம் ஒன்றில் காற்று குறைவாக இருந்தது. தெருமுனையிலேயே ஹாருவின் பஞ்சர் கடை, அம்மா கையைக் காட்டி, ஹாருதான் இருக்கானே, ரெண்டு நிமிஷம், அடிச்சுண்டு கிளம்புங்கோ என்றாள். நான் கேட்கவில்லை. நைட்ரஜனோடு சாதாரணக் காற்றைக் கலந்தால் பாலத்தின் மேல் போகும்போது டயர் வெடிக்கும், ரோஹிணி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா என்று உன் பேரை இழுத்துவிட்டேன். நீ அப்படிச் சொன்னாயா, இல்லை அந்த டயர் கடைக்காரன் சொன்னானா, எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வெடிக்கும் என்பது ஒருவேளை நானே சேர்த்துக்கொண்டதோ என்னவோ.

தாராதலா பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நைட்ரஜன் மெஷின் ரிப்பேர். அடுத்ததில் மெஷின் இருந்தது, அதைப் போடுகிற ஆள் பூஜைக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. ரயில் ஒரு திசை, நான் எதிர்த்திசையில் பாலிகஞ்ச் வரை வண்டியை விட்டேன். அங்கே கிடைத்தது. ஆனால் பழசை முழுக்க இறக்கிவிட்டுத்தான் அடிக்கணும் என்று அவன் நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டான், அரை மணிக்கு மேல் ஆயிற்று. அம்மா பின் சீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹூக்ளி பாலம் தாண்டி ஸ்டேஷனுக்குள் ஓடினால் கடைசிப் பெட்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. அம்மா பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, நைட்ரஜன் நன்னா இருக்கா என்று கேட்டாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பூஜை லீவு முடிந்த கூட்டம், புதன்கிழமை விமானம் எதிலும் இடமில்லை. வியாழன் பதினொரு மணிக்குப் போய் இறங்கியிருக்கிறாள், பெரியம்மாவை ஏழு மணிக்கே உள்ளே அழைத்துப்போய்விட்டார்கள். முதல்நாள் ராத்திரி வரை ஜெயா வந்தாச்சா, ஜெயா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நல்லவேளை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மறுநாள் கண் விழித்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அப்படி முடியாமல் போயிருந்தால் என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அம்மா போன மறுநாள் ஹாருவிடம் போய்க் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னான். தாதா, நான் அடிக்கிற காத்துலயும் எண்பது பங்கு அதுதான், கலந்தா ஒண்ணும் ஆகாது என்றான். அப்படியானால் மிச்சம் இருபது பங்குக்காகவா நான் அந்த ரயிலை விட்டேன்? கம்ப்யூட்டரில் தேடினால் ஒருவர் காற்று சீக்கிரம் இறங்காது என்கிறார், ஒருவர் வீண் செலவு என்கிறார், இன்னொருவர் விமானத்துக்கே அதுதான் என்கிறார். படிக்கப் படிக்கக் குழப்பம்தான். நீ இன்ஜினீயர், எது சரி என்று எழுது.

அதைவிடப் பெரிய குழப்பம் இது. அம்மா தினமும் போன் செய்து பெரியம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். ஆனால் அங்கே எல்லாரிடமும், பாலத்தில் பயங்கர நெரிசல், அவர் என்ன பண்ணுவார் என்று சொல்லியிருக்கிறாளாம், பெரியம்மா பிள்ளை வருண் என்னிடமே அனுதாபப்பட்டான். கோபமாக இருப்பவள் எதற்கு என்னைக் காப்பாற்ற வேண்டும்? நேற்று தைரியம் வந்து, ஜெயா, தப்பு முழுக்க என்னோடது என்றேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்கு அவள், ஞாயித்துக்கிழமை வண்டி ராத்திரி எட்டேகாலுக்கு வரது என்றாள். வாங்கோ என்றும் சொல்லவில்லை, வராதேங்கோ என்றும் சொல்லவில்லை. நான் ஏழு மணிக்கே போய் பிளாட்பாரத்தில் நிற்பதாக இருக்கிறேன்.

ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தீர்க்காயுசாக இருங்கள். பெரியம்மாவுக்கு மறக்காமல் போன் செய். அவள் பால நெரிசலைப் பற்றிப் பேசினால், நெரிசல் இல்லை பெரியம்மா, அப்பாதான் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
லக்ஷ்மிநாராயணன்