நின்று வரும் கண்ணாடி

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை 5.40. வந்த பிழைகள் பதினாறு. தீர்ந்தவை பதினாறு.

கொக்குக்கு,

எல்லாம் தீர்ந்துவிட்டதென்றால் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். முழுசாகப் படி, தெரியும். நடுவில் தாவாதே. தாவுவது என் வேலை.

மெயில் போட்டேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. போன் அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறாய். கடைசியில் உன் அம்மாவைப் பிடித்தேன். "தம்பி, அவன் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கிறான். நீ காகிதத்துல எழுதேன். காகிதத்தைத் தூக்கிப் போட அவனுக்கு மனசு வராது" என்றார். என் கையெழுத்தைப் பார்த்தால் கண்டிப்பாக மனசு வரும் என்றேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. போனை உன் அண்ணி வாங்கி அண்ணன் வீட்டு விலாசத்தைச் சொன்னார். அதனால்தான் நாலு வருஷம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன். விரல் வலிக்கிறது. அந்த மரியாதைக்காவது படி.

விஷயம் என் அக்கா சம்பந்தப்பட்டது. உனக்கு அவளைத் தெரியும். அதே வேலைதான் இன்னும்: மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை, வீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். அடித்ததைத் திரும்பப் படித்துச் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும். மருந்தின் அளவில் ஒரு புள்ளி நகர்ந்தால் யாரோ ஒருவருக்குப் பத்து மடங்கு போய்விடும். அவள் கண் அப்படியேதான். அப்படியே என்றால், மோசமாகிக்கொண்டேதான். நேராகப் பார்த்தால் நடுவில் புகை, கொஞ்சம் ஓரமாகத் திரும்பினால்தான் எழுத்து பிடிபடும். இத்தனை வருஷமும் நீ எழுதிய "கூடு" டெஸ்க்டாப்பிலிருக்கும், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் ஓட்டினாள்.

போன செவ்வாய் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. நிஜமாகவே புகை வந்தது. புதிது வாங்கி லினக்ஸ் போட்டேன். அதோடு வருகிற டெஸ்க்டாப்புகள், அதாவது திரை அமைப்புகள், ஒவ்வொன்றையும் காட்டினேன். எல்லாவற்றிலும் உருப்பெருக்கி இருக்கிறது, எதுவும் அவளுக்கு ஆகவில்லை. ஒன்றில் திரை மொத்தமும் பெரிதாகி ஓடுகிறது. "கப்பல்ல உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருக்குடா" என்றாள். பழையது எங்கே என்றாள். பழையதை எழுதியவன் கடையை மூடிவிட்டான் என்று எப்படிச் சொல்வது? அவள் அலுவலகம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். சொன்னவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

நீதான் எல்லாவற்றையும் வலையிலிருந்து துடைத்துவிட்டுப் போய்விட்டாயே. நல்லவேளை, சோர்ஸ் கோட் முழுவதும் ஒரு பிரதி என் பென்டிரைவில் கிடந்தது, சினிமாக்களுக்கு நடுவில். அதைக் கம்பைல் செய்து, ஓடும் நிரலாகக் கட்டுவது என்று உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று அக்காவிடம் சொன்னேன். என் அரை மணி நேரம் உனக்குத் தெரியும்.

முதல் ஏழு பிழைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த லைப்ரரி இல்லை, அந்த லைப்ரரி இல்லை. இருக்கிறதேடா என்று பார்த்தால் ஓடுவதற்கானது மட்டும் இருக்கிறது, கட்டுவதற்கான தலைப்புக் கோப்புகள் தனிப் பொட்டலமாம். ஒன்றைக் கூப்பிட்டால் அது தன் மச்சானைக் கூப்பிடுகிறது, மச்சான் ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கூப்பிடுகிறார். பந்திக்கு ஆள் சேர்ந்துகொண்டே இருந்தது.

எட்டாவதில் கோட்டை விட்டேன். திரையின் கடைசியில் "நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரி. அதையே தேடு தேடு என்று தேடினேன். கட்டும் வேலையைப் பல துண்டாக்கி ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தேன், உண்மையான பிழை எங்கோ முந்நூறு வரிக்கு மேலே போய்ச் செத்துக்கிடந்தது. ஹாஸ்டலில் நீ கத்துவாயே, "கடைசியா அழறவனைப் பாக்காதடா, மொதல்ல அடிச்சவனைப் பாரு" என்று. ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். அகப்பட்டது.

பிறகு வந்த நாலும் உன் வேலை. கட்டும் விதிகளில் ஒரு வரி போட்டு வைத்திருக்கிறாய்: எந்த எச்சரிக்கையையும் பிழையாகவே எடுத்துக்கொண்டு நின்றுவிடு என்று. நீ எழுதியபோது ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் ஓடியிருக்கும், அந்தத் திமிர் உனக்கு உண்டு. இப்போது வந்திருக்கும் புதுக் கம்பைலர் இன்னும் நாலு குறை சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்த மாறியை அறிவித்தாய் பயன்படுத்தவில்லை, அந்தச் செயல்கூறு பழசாகிவிட்டது, இப்படி. கோட் மாறவில்லை. குறை சொல்பவன் மாறியிருக்கிறான். அதற்குப் போய் மொத்தமும் நின்றுவிட வேண்டுமா? அந்த வரியை எடுத்தேன், ஓடியது. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. இருந்தால் நீயே எடுத்துக்கொள்.

மிச்சம் என் முட்டாள்தனம். பழைய பதிப்பு ஒன்றைப் பாதியில் நிறுவிவிட்டு அழிக்க மறந்திருக்கிறேன். ஒரே பெயரில் இரண்டு லைப்ரரி, புதியதைக் கட்டினாலும் போய்ப் பழையதோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஒரு நொடி கறுப்பாகி மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. வாசல்வரை வந்து செருப்பைத் தேடுகிற விருந்தாளி மாதிரி. அமைப்புகளின் அட்டவணையைத் தனியாக ஒருமுறை தொகுக்க வேண்டும் என்று கடைசியில் தெரிந்தது. புதன் மதியம் உன் கூடு எழுந்து நின்றது. அக்கா கைதட்டினாள்.

இனி கவனமாகப் படி.

கோட் திறந்து கிடந்ததால் பூதக்கண்ணாடிப் பகுதியை மேய்ந்தேன். அங்கே ஒரு தாமதம் வைத்திருந்தாய். மவுஸ் சுட்டி அடுத்த வரிக்குப் போனதும் கண்ணாடி கூடவே போகாது. துளி நேரம் நின்று, பிறகுதான் கிளம்பும். எந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கோ பயந்து போட்டிருக்கிறான், இப்போதிருக்கும் வேகத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று தூக்கிவிட்டு மறுபடி கட்டினேன். கண்ணாடி சுட்டியோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கு அவ்வளவு பெருமை.

அக்கா அரை மணி நேரம் உட்கார்ந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "யாருடா இதுல கை வச்சது?" என்றாள். நான்தான், வேகமாக்கினேன் என்றேன். "யாரு கேட்டா உன்கிட்ட வேகம்? நான் தலையைத் திருப்பறதுக்குள்ள வரி ஓடிப்போகுது. முன்னாடி அது நிக்கும், நான் திரும்பினதும் வரும். பழைய மாதிரி ஆக்கு. இல்லைன்னா நீயே உக்காந்து டைப் பண்ணு" என்றாள். வாயை மூடிக்கொண்டு பழையபடி ஆக்கினேன். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை அவள்.

முடித்துவிட்டு ஒன்று கேட்டாள். இதை எழுதியவனுக்கு என்னைத் தெரியுமா என்று. தெரியுமாவா, நம் வீட்டில் பத்து நாள் தங்கினானே, ஹாஸ்டலை மூடியபோது, ஒல்லியாக உயரமாக ஒருத்தன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்த பையனா? வாயே திறக்க மாட்டானேடா. நான் படிக்கிறதையே பாத்துட்டிருந்தான். எனக்குக் கடுப்பாகி, என்ன தம்பி வேடிக்கைன்னு கேட்டேன். ஒண்ணுமில்லக்கான்னு எழுந்து போயிட்டான். மறுநாள் மறுபடியும் அதே ஸ்டூல்."

சொல்லிவிட்டு அந்த ஸ்டூலைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

எருமை மாடு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாக அவள் பிழைப்பே அந்தத் துளித் தாமதத்தில் நிற்கிறது. அவளுக்கே அது தெரியாது. உன்கூட ஒரே அறையில் படுத்துக்கிடந்த எனக்கும் தெரியாது.

உனக்கு நடந்ததையும் போய்ப் படித்தேன். தேடித்தேடிப் படித்தேன். கூட்டின் கடைசி வெளியீடு சிலர் தங்கள் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்த அமைப்புகளை அழித்துவிட்டது. தப்புதான். மன்னிப்புக் கேட்டாய், இரண்டே நாளில் சரிசெய்தாய். அதற்கப்புறமும் அடித்தார்கள். ஒருத்தன் உன்னைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான், கம்ப்யூட்டரைத் தொடவே தகுதியில்லாதவன் என்று. நீ எல்லாவற்றையும் அழித்த பிறகும் ஓடிப்போய்விட்டான் என்று சிரித்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நொந்தவன் எழுதுவான், நன்றாக ஓடுகிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? என் அக்கா உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அவள் வேலையில் இருந்தாள்.

உன் அம்மா சொன்னார், கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாயாம். சாப்பிடக் கூப்பிட்டால் சில நாள்தான் இறங்கி வருகிறாயாம். அண்ணி இன்னொன்று சொன்னார். உன் மாடி அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை அண்ணன் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கழற்றிவிட்டாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். நீ அளந்து வைத்த அந்தத் தாமதம் இப்போது அக்காவுக்குப் போதவில்லை. புகை பெரிதாகியிருக்கிறது, முன்னைவிட அதிகமாகத் தலையைத் திருப்புகிறாள். பழைய கம்ப்யூட்டரே மெதுவானது என்பதால் தெரியாமல் இருந்திருக்கிறது. இன்றைக்குச் சமாளித்துவிட்டாள், திங்கள்கிழமை வேலைக்கும் சேர்ந்துவிடுவாள். ஆனால் மாலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். கூட்டினால் வரியின் ஆரம்பத்தில் சரி, நடுவில் தவறுகிறது. ஒரே எண்ணாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது. அவள் படிப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை கொக்கு. ஸ்டூலில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் கால் ஆட்டுகிறேன், அவள் அடிக்க வருகிறாள். இது கம்பைலர் சொல்லும் பிழை இல்லை. பட்டியலில் வராது. உன்னைத் தவிர இதைப் பார்க்கக்கூடிய ஆள் எனக்குத் தெரியாது. உன்னைச் சந்தோஷப்படுத்த இதைச் சொல்லவில்லை. நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

கோட் எழுத வேண்டாம். துணியை எடுக்க வேண்டாம். சொன்னால் நானே எழுதிக்கொள்வேன். வந்து உட்கார், போதும். அக்காவும் சொல்லச் சொன்னாள்: "வேடிக்கை பாக்க வரச் சொல்லு, இந்தத் தடவை திட்ட மாட்டேன்னு சொல்லு." அவள் சொன்னதில் பாதியை நம்பு.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா கூப்பிட்டால் பதில் சொல்லு, ஒரு "ம்" போதும் அவருக்கு. காலையில் ஜன்னலைத் திற. நீ நல்லா இருக்கணும்டா. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அவசரக்குடுக்கை

இனி நான் செய்யப்போவது:

1. இதை நாளைக் காலை நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் போடுவேன். தெருமுனைப் பெட்டியை நம்பவில்லை.

2. உன் கோட் எதையும் உன்னைக் கேட்காமல் வலையில் எங்கும் ஏற்ற மாட்டேன். அது உன்னுடையது.

3. உன்னைத் திட்டியவனுக்குப் பதில் எழுத மாட்டேன். எழுதி வைத்திருந்தேன், பிரமாதமாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

4. அடுத்த ஞாயிறு, 23ஆம் தேதி, முதல் பஸ்ஸில் கிளம்பி வருவேன். அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. மாடிப் படியில் உட்காருவேன். பேசு என்று கேட்க மாட்டேன். போடா என்றால் கீழே போய் டீ குடித்துவிட்டு மறுபடி ஏறி வருவேன்.

5. திரும்பும்போது இரண்டு டிக்கெட் எடுப்பேன். நீ வரவில்லை என்றால் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டு போவேன். அதற்கடுத்த ஞாயிறும் வருவேன், அன்றைக்கும் இரண்டு எடுப்பேன்.