நூற்றில் தொண்ணூற்றொன்பது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் ஒழுங்காக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்பதை ஒரு வரியில் முடிக்காமல் பக்கம் நிரம்ப எழுது.

நீ அனுப்பிய கிரகணக் கண்ணாடிகள் இரண்டும் வந்தன. போட்டுக்கொண்டு டியூப்லைட்டைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும், கீறலும் இல்லை. மேல் வீட்டுத் தையல்காரர் பழைய எக்ஸ்ரே பிலிமே போதும் என்றார், கண் போனால் ஊசியில் நூலை யார் கோப்பது என்று கேட்டேன், மாடியேறிவிட்டார். நம் வீட்டிலிருந்து சூரியன் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு மறையும், அது போதும் அம்மா என்று நீ போனில் சொன்னாய். நம் வீட்டில் தொண்ணூற்றொன்பது என்றைக்குப் போதுமாக இருந்தது? மிச்சமுள்ள ஒரு பங்கு வெளிச்சமே பகலைப் பகலாக வைத்திருக்கும், சூரியனைச் சுற்றியுள்ள வெள்ளை ஒளி கண்ணில் படாது. முழு நிழல் விழும் பாதை தெற்கே அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போகிறது, அந்தப் பாதையில் நமக்குத் தெரிந்த மொட்டைமாடி ஒன்றுதான், உன் அத்தையுடையது. உன் அப்பாவை எடுத்த அன்று அவள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள், குறித்த நேரம் குறித்த நேரம்தான் என்று நான் காத்திருக்கவில்லை, அண்ணன் முகத்தை அவள் பார்க்காமலே போயிற்று. ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. வழியில் பஸ் நின்றுபோனதற்கு அவள் என்ன செய்வாள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

நேற்று நானே அவளுக்குப் போன் செய்து, மூன்று நிமிஷம் உன் மாடி வேண்டும் என்றேன். மூணு நிமிஷத்துக்கா இவ்வளவு தூரம், மூணு நாள் இருந்துட்டுப் போங்க அண்ணி என்றாள். முழுவதும் மூடிய பிறகுதான் கண்ணாடியைக் கழற்றலாம், ஓரத்தில் வெளிச்சம் எட்டிப்பார்த்ததும் போட்டுவிட வேண்டும், இரண்டு நேரத்தையும் நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நேரம் பாக்கறதுல அண்ணியை மிஞ்ச ஆளுண்டா என்றாள். சுருக்கென்றது, வாங்கிக்கொண்டேன். நேரில் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் போனில் சொல்ல முடியாது. இரண்டாவது கண்ணாடி யாருக்கென்று நீ எழுதவில்லை, எனக்குப் புரிந்தது.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ வேண்டும். அந்த மூன்று நிமிஷத்தில் போன் செய்துவிடாதே. கிரகணம் திங்கள்கிழமை, நான் வெள்ளிக்கிழமையே கிளம்புகிறேன். வழியில் பஸ் நின்றுபோகலாம் அல்லவா.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா