அரவைச் சத்தத்துக்குள் என் குரல்

அன்பு மகள் ஸ்வர்ணாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதுதான் கவலை. போன வாரம் போனில், "விட்டுரும்மா, பெருசு பண்ணாத" என்றாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணிவிடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன். நான் விடவில்லை.

ஒத்தக்கடையில் ஞாயிறுதோறும் டிஜிட்டல் சினிமா வகுப்புக்குப் போனேன் அல்லவா, பதினைந்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒரு பக்கம், போனில் அலாரம் வைக்கவே அப்பாவைக் கூப்பிடும் நான் ஒரு பக்கம், இருவருக்கும் ஒரே பாடம். லென்ஸைத் துடை, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடி, ஜன்னல் வெளிச்சம் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், ஷாட் முடிந்தபின்னும் ஐந்து எண்ணு. சொல்லிக்கொடுத்த ஸ்ரீகுமார் நன்றாகவே சொல்லிக்கொடுத்தான், அதை மறுக்க மாட்டேன். கற்றதை வைத்து, ரிட்டயரான அப்பா முதன்முதலாகக் கிரைண்டரில் மாவாட்டுவதை ஏழு நிமிஷப் படமாக எடுத்தேன். முகத்தைக் காட்டினால் எழுந்துபோய்விடுவேன் என்று அவர் மிரட்டியதால் படம் முழுக்கக் கைகள்தான். திருத்தித் தருகிறேன் என்று ஸ்ரீகுமார் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டான். மூன்று மாதம் கழித்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் குறும்பட விழா போஸ்டர் வருகிறது, அதில் அப்பாவின் கை, கட்டைவிரல் தழும்போடு. இயக்கம் ஸ்ரீகுமார் என்று போட்டிருக்கிறது. முகமில்லாத கைதானே, யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்துவிட்டான். அறுபத்திரண்டு வயதில் எனக்கென்று நான் செய்த ஒரே காரியம் அது.

அப்பா உடனே அவனுக்குப் போன் போடப் போனார், நான் தடுத்தேன். போன் போட்டால் சாரி சொல்லிப் பெயரை மாற்றிவிடுவான், அத்தோடு முடிந்துபோகும். அவன் மேடை ஏறட்டும் என்றேன். படம் எடுக்கும்போது வாயைத் திறக்காதே என்பது முதல் நாள் பாடம், எனக்கு மட்டும் கடைசிவரை ஏறவே இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று நம் சௌராஷ்டிர பாஷையில் அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், அது கிரைண்டர் சத்தத்தோடு கலந்து பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஸ்ரீகுமாருக்கு நம் பாஷை தெரியாது. "பின்னாடி யாரோ பேசுறது இயல்பா இருக்கும்மா, அப்படியே இருக்கட்டும்" என்று வகுப்பிலேயே சொன்னவன் அவன்தான்.

விழாவுக்கு நம் ஆட்கள் நாற்பது பேரைக் கூட்டிப்போய் முன்வரிசைகளில் உட்காரவைத்தேன். அந்தப் படத்துக்குப் பரிசு என்று அவனை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். தண்ணீரை இப்படிக் கொட்டினால் இட்லி வராது, கஞ்சிதான் வரும், வேட்டியை இழுத்துக் கட்டுங்கள், ஸ்வர்ணா பார்த்தால் சிரிப்பாள் என்று என் குரல் கேட்டதும் நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடையில் நின்றவனும் ஏனென்று தெரியாமலே சிரித்தான். உன் கனகா அத்தை எழுந்து, "தம்பி, பின்னாடி பேசுற அம்மா யாரு" என்று கேட்டாள். எங்கள் பெரியம்மா என்றான். "அப்பச் சரி, ஒங்க பெரியம்மா என்ன சொன்னாங்கன்னு சொல்லிட்டுப் பரிச வாங்கிக்கங்க" என்றாள். அவன் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். நான் எழுந்து அத்தனையையும் அதே குரலில் சொன்னேன், அப்புறம் தமிழிலும் சொன்னேன். அவன் பெற்றோர் பின்வரிசையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

மறுநாள் அவன் அம்மா மட்டும் வீட்டுக்கு வந்தாள். அவன் வகுப்புக்கு இப்போது ஒருவரும் வருவதில்லையாம், ஏதோ தவறுதலாகப் பெயர் மாறிவிட்டது என்று குரூப்பில் நான் ஒரு வரி போட்டால் போதுமாம். அழுதாள். காப்பி கொடுத்தேன், அந்த வரியைக் கொடுக்கவில்லை. அவள் போனபின் மனசு இளகும் என்று ரொம்ப நேரம் காத்திருந்து பார்த்தேன், இளகவில்லை. அப்பாகூட இரண்டு நாளாக என்னிடம் அளந்துதான் பேசுகிறார்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள், மீனாட்சி உங்கள் பக்கம் இருப்பாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஸ்ரீகுமார் உன் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறானாம். கூப்பிட்டால் அம்மா மன்னித்துவிட்டாள் என்று நீயாகச் சொல்லிவிடாதே. நான் மன்னிக்கவில்லை.

உன் அம்மா,
ராதாமணி