நெறி துடிக்குமா?

ஐப்பசி, வியாழக்கிழமை ராத்திரி. பெரம்பலூர் ஆஸ்பத்திரி.

போன வாரம் என் வூட்டுக்காரருக்குத் தொடை வழியா குழாய் விட்டு, இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாங்க. நல்லாத்தான் வூட்டுக்கு வந்தார். நேத்து தொடை இடுக்குல எலுமிச்சங்காயாட்டம் ஒரு வீக்கம். "கால்ல முள்ளு குத்துச்சில்ல, அதான் நெறி கட்டியிருக்கு"ன்னார்.

நெறின்னா எங்க விக்கிரமங்கலத்துல உப்பு ஒத்தடந்தான். காலையில உப்பை வறுத்துத் துணியில கட்டி அமுக்கினேன். கைக்கு அடியில வீக்கம் துடிச்சுச்சு. நெறி எங்கயாச்சும் துடிக்குமா? ஒடனே கார் புடிச்சு இங்க கொண்டாந்துட்டேன்.

"நெறி இல்லம்மா. குழாய் விட்ட எடத்துல ரத்தக்குழாய் ஓட்டை மூடல. உள்ளுக்குள்ளயே கசிஞ்சு கட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணித் தைக்கணும்"ன்னார் டாக்டர். "யாராச்சும் அமுக்கினீங்களா?"

நான் வாயத் தொறக்குமுன்ன இவர், "யாரும் தொடலிங்க"ன்னுட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உசிரு ஊசலாடுறப்ப என்னைக் காப்பாத்துறாராம்! "நாந்தான் சார் அமுக்கினேன்"னு சொல்லிட்டேன்.

உள்ள கொண்டுபோய் ரொம்ப நேரமாச்சு. கதவு தொறக்கல. அந்தத் துடிப்பு இன்னும் என் உள்ளங்கையிலயே இருக்கு. காலையில அதைக் கண்டு பயந்தேன். இப்ப அது நின்னுடக் கூடாது.