இடது கைத் தேள்

போடிநாயக்கனூர்
6.8.2024

அன்புள்ள ரோஜா,

போனில் பேசினால் உளறிவிடுவேன், அதனால் மெயிலில் எழுதுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா சேர்ந்திருக்கிறது. குரங்கணிக்கு மேலே ஏலக்காய்க் காட்டில் வெட்டிய செடியின் கூர்க்கட்டை காலில் ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. இன்னும் பத்து நாளாவது ட்ரிப்ஸில் மருந்து ஏற வேண்டும். கையில் போட்ட ஊசி ஒரு நாள்கூட நிற்கவில்லை. லீவு முடிந்து இன்றுதான் வந்தேன். அந்தக் கைகளைப் பார்த்து அதிர்ந்துபோனேன், குத்தாத இடமே இல்லை. டியூட்டி நர்ஸ் பிள்ளைகளைக் கேட்டால், "நரம்பு சிக்கலக்கா, இன்னொருக்கா குத்திப் பாக்குறோம்" என்கிறார்கள்.

உங்கள் ஆஸ்பத்திரியில் மிட்லைன் போடுவதாகச் சொல்வாயே, அதை எப்போது போட வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுது. வெரசா எழுது.

உன்
அனுசியா

கார்க், அயர்லாந்து
6.8.2024

அடி அனு,

அது மனுசக் கையா, ஊசி பழகுகிற பொம்மையா?

மருந்து எத்தனை நாள் ஏற வேண்டும் என்று முதல் நாளே கேட்கச் சொல். ஒரு வாரம் தாண்டும், நரம்பும் கிடைப்பது கஷ்டம் என்றால் அப்போதே டாக்டரிடம் மிட்லைனைப் பற்றிப் பேச வேண்டும். மேல்கையில் ஏற்றுகிற மெல்லிய குழாய்தான், நுனி அக்குளோடு நின்றுவிடும். இரண்டு வாரம் வரைக்கும் தாங்கும். நரம்பை எரிக்கிற மருந்துக்கு அது ஆகாது. கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் நினைக்கவே கூடாது. இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லையா, அதோடு நிறுத்திவிட்டுக் கைதேர்ந்த ஆளைக் கூப்பிடட்டும். நீயும் அந்தக் கையைக் கண்ணால் மட்டும் பார்க்காதே, தொட்டுப் பார்.

அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் யாரும் இல்லையா? மலைக்கு அனுப்பிவிட்டு என்னதான் செய்கிறார்கள்? நல்லவேளை, என் அம்மா மலைக்குப் போவதை விட்டுவிட்டது.

ரோஜா

போடி
8.8.2024

அன்புள்ள ரோஜா,

தொட்டுப் பார்த்தேன். இடது முன்கையில் பச்சை குத்திய பெரிய தேள் இருக்கிறது. அந்தக் கரும்பச்சையில் சிவந்திருப்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தொட்டால் நெருப்பாய்க் கொதிக்கிறது, நரம்பு கயிறு மாதிரி விறைத்துக் கிடக்கிறது. அதன் மேலேயே மறுபடி குத்தியிருக்கிறார்கள்! டாக்டரிடம் சண்டையே போட்டேன். தேனியிலிருந்து மயக்க மருந்து டாக்டர் வந்து வலது மேல்கையில் மிட்லைன் போட்டார். மருந்து ஒழுங்காக ஏறுகிறது, காய்ச்சல் இறங்குகிறது.

"எம்பேரை அவகிட்டச் சொல்லிப்புடாதடி, சோலியப் போட்டுட்டு ஓடியாந்துருவா" என்று அந்த அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். தேளைப் பற்றி நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

உன்
அனுசியா

கார்க்
8.8.2024

அனுசியா,

தேள் என்று படித்ததும் வார்டில் எல்லாரும் பார்க்கத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் அந்தத் தேளின் கொடுக்கைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். முந்தாநாள் போனில்கூட "மாவாட்டிக்கிட்டு இருக்கேன் ஆத்தா" என்றதே அம்மா! பிள்ளைகள் இல்லையா என்று நானே கேட்டேனே, அதைப் படித்துவிட்டு எப்படியடி இரண்டு நாள் சும்மா இருந்தாய்? உன்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தவளும் நீதான். அதனால் நேரில் வந்து திட்டுகிறேன்.

டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், இதையாவது காப்பாற்று. மதுரையில் இறங்கி நேரே வார்டுக்குத்தான் வருவேன். அதுவரை உன்னைத் தவிர வேறு யாரும் அந்தத் தேளைத் தொடக் கூடாது.

ரோஜா